பின்னால் போகாத வண்டி

சிக்னலில் பச்சை விழுந்த பிறகும் நகராமல் வண்டி உறுமிக்கொண்டு நிற்க, பின்னால் நின்றவர்கள் ஹாரனை அழுத்து அழுத்தென்று அழுத்த, போன வாரம் பல்லம்மாவை நடுரோட்டில் தனியாக விட்டுவிட்டு நாம் பாட்டுக்குக் கிளம்பி வந்துவிட்டோம். பயப்பட வேண்டாம். எதிரே இருந்த டயர் கடை ஆட்கள் ஓடி வந்து வண்டியை ஓரமாகத் தள்ளிவிட்டார்கள். அவள் பின் சீட்டிலிருந்த பெட்டிகளை அடுக்கிக் கையில் ஏந்திக்கொண்டு கிளினிக்குக்கு நடந்தே போய்ச் சேர்ந்தாள். அன்று அவளை நம்பி வந்த யாரும் பல் இல்லாமல் வீடு திரும்பவில்லை.

பல்லம்மா என்பது கிளினிக்குகளில் வைத்த பெயர். பல் செட் செய்கிறவள். வீட்டின் பின்னறைதான் பட்டறை. டாக்டர்கள் எடுத்தனுப்பும் அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் ஈறு கட்டி, பல் பதித்து, மெருகேற்றிப் பெட்டியில் போட்டு, ஊரின் நாலு மூலையில் இருக்கும் கிளினிக்குகளுக்கு அவளே கொண்டுபோய்க் கொடுப்பாள். ஊரில் பாதிக் கிழங்களின் சிரிப்பு அவள் கைவேலை. அவள் வாய்விட்டுச் சிரித்துத்தான் நாளாகிவிட்டது. கணவர் போன பிறகு அந்த வீட்டில் பேச்சுத் துணை, அலமாரியில் வரிசையாக இருக்கும் பிளாஸ்டர் தாடைகள்தான். அவை குறுக்கே பேசுவதில்லை, அது ஒரு சௌகரியம்.

வெள்ளிக்கிழமை காலையில் அவள் ஒரு தாடையிடம் வெயிலைப் பற்றிக் குறைசொல்லிக்கொண்டிருந்தபோது மகனின் போன் வந்தது.

"அம்மா, வண்டிய வித்துடலாம். ஆள் பாத்துட்டேன். எப்படி இருக்கோ அப்படியே எடுத்துக்கறேங்கறார். நாளைக்கு நானே கூட்டிட்டு வர்றேன்."

"ரிப்பேர் பண்ணா ஓடும்டா."

"கியர்பாக்ஸ்மா அது. ஒட்டுப் போட்டு ஓட்ட டயர்னு நெனச்சியா? இந்த வயசுல உனக்கு எதுக்கு ரோட்டோட மல்லுக்கட்டு? இங்க ரூம் தயாரா இருக்கு. வந்து நிம்மதியா இரு."

அந்த ரூமை அவள் பார்த்திருக்கிறாள். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். மகனும் மருமகளும் நல்லவர்கள்தான், குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்பார்கள். பதில் சொல்வதற்குள் கையிலிருக்கும் போனைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள்.

வண்டி போனால் கிளினிக்குகளுக்குப் போக முடியாது. கிளினிக்குகள் போனால் பட்டறை போச்சு. பட்டறை போனால் இந்த வீட்டில் நீ மட்டும் எதற்கு என்று மகன் கேட்பான், அதற்கு அவளிடம் பதில் இருக்காது. இதையெல்லாம் போனில் சொன்னால் அழுகை வந்துவிடும் என்று பயந்து, "சரி, பாக்கலாம்" என்று வைத்துவிட்டாள்.

வாசலில் கொழுந்தனார் வந்து நின்றார். கணவரின் தம்பி. எந்தக் கடைக்குப் போனாலும் முதலாளி தனக்கு நெருக்கம் என்பார்.

"அண்ணி, கிளம்புங்க. நம்ம ஆள் சர்வீஸ் சென்டர் இருக்கு. இழுவை வண்டிக்குச் சொல்லிட்டேன். விக்கிறதுக்கு முன்னாடி என்ன கோளாறுன்னாவது தெரியணும்ல?"

இருவரும் தெருமுனைக்கு நடந்தார்கள். டயர் கடை ஆட்கள் புண்ணியத்தில் வண்டி அதன் பழைய இடத்துக்கே வந்து சேர்ந்திருந்தது, விளக்குக் கம்பத்துக்கு அடியில்.

இந்தத் தெருமுனை விவகாரம் நம் வாசகர்களுக்குத் தெரியும். வீட்டில் கார் ஷெட் இருக்கிறது. ஆனால் கணவர் தன் கடைசி வருஷத்தில் வண்டியை ஒரு நாள்கூட உள்ளே விட்டதில்லை. ஷெட் நிறையப் பூந்தொட்டிகளை வாங்கி அடுக்கினார். வண்டியைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு நடந்து வந்தார். அதோடு விட்டாரா? ஆபீஸிலிருந்து வந்ததும் வண்டிக்குள்ளேயே வெகுநேரம் உட்கார்ந்திருப்பாராம். இதை எதிர்வீட்டு அக்கா துக்கம் கேட்க வந்த இடத்தில் சொல்லி வைத்தாள். "வீட்டுக்கு வரவே மனசில்லாத மாதிரி உக்காந்திருப்பாரும்மா, பாவம்." சொன்னவள் காபி குடித்துவிட்டுப் போய்விட்டாள். கேட்டவள் அன்றிலிருந்து தூங்கவில்லை. என்னிடம் வர அவருக்கு அவ்வளவு கசந்ததா என்ற ஒரே கேள்வியோடு அவள் மல்லாடிக்கொண்டிருக்கிறாள்.

இன்னொரு ஆறாத புண்ணும் உண்டு. ஐம்பது தாண்டிய பிறகு அவளுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். நேராக ஓட்டவிடுவார், திருப்பவிடுவார், ரிவர்ஸ் மட்டும் எடுக்கவிட மாட்டார். கை அந்தப் பக்கம் போனாலே தட்டிவிடுவார். "அது உனக்கு இப்ப வேணாம். முன்னாடி வழி இருக்கிற இடமாப் பாத்து நிறுத்து, போதும்."

"என்னை நம்பலன்னா எதுக்கு ஓட்டக் கத்துக்குடுத்தீங்க?" என்று ஒரு நாள் அவள் கத்தினாள். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு இன்னும் குத்துகிறது.

ஆனாலும் பாருங்கள், அவர் போன பிறகும் அவள் அந்தச் சட்டத்தை மீறவில்லை. முன்னால் வழி இருக்கும் இடம் கிடைக்கும்வரை கிளினிக்கை ரெண்டு சுற்று, மூன்று சுற்று சுற்றுவாள். "பல்லம்மா பிரதட்சிணம் வர்றாங்க" என்று அங்கே வாட்ச்மேன் கிண்டல் செய்வான். அவளுக்கு ரோஷம் வரும். ஆனால் கை ரிவர்ஸ் பக்கம் போகாது.

சர்வீஸ் சென்டரில் கண்ணாடிக் கதவு, குளுகுளு அறை, காபி மெஷின். மேனேஜர் பையன் டை கட்டியிருந்தான். கொழுந்தனாரைக் கட்டிப்பிடிக்காத குறையாக வரவேற்றான். இழுவை வண்டியின் முதுகில் இருந்த காரைக் கண்ணாடி வழியாகவே ஒரு பார்வை பார்த்தான்.

"முழு கியர்பாக்ஸும் மாத்தணும் சார்."

"பாத்தீங்களாண்ணி, டக்குன்னு சொல்லிட்டார்" என்றார் கொழுந்தனார் பெருமையாக.

பல்லம்மா மெல்ல எழுந்தாள். "தம்பி, வண்டிக்குள்ள உக்காந்து பாக்கலியே நீங்க?"

அவன் கொழுந்தனாரைப் பார்த்துப் பதில் சொன்னான். "அனுபவம் சார். இந்த மாடல்னாலே இதான்."

"கழட்டின பழைய சாமானை எங்க கையில குடுப்பீங்களா?"

"அது எங்க ரூல்ஸ்ல இல்ல மேடம்." அப்போதுதான் முதல் தடவையாக அவளைப் பார்த்தான். பார்த்துவிட்டு, இழுவை வண்டிக்காரரிடம் சாவி வாங்க வெளியே போனவன் காருக்குள் எட்டிப் பார்த்துக் களுக்கென்று சிரித்தான். "என்ன சார் இது, கியருக்கு ஈறு வெச்சிருக்காங்க!"

சிரிக்க வேண்டிய விஷயம்தான். கியர்த் தண்டின் தலையில் இருந்த குமிழ் உடைந்தபோது, பல் செட்டுக்கு ஈறு வார்க்கும் அதே ரோஸ் கலர் பொருளில் அவளே புதுக் குமிழ் வார்த்துக் கொடுத்திருந்தாள். அவர் கை அளவுக்கு மெழுகில் அச்செடுத்துச் செய்தது. இன்றைக்கும் அதைப் பிடித்தால் அவர் விரல்கள் இருந்த பள்ளங்களில் அவள் விரல்கள் தொளதொளவென்று உட்காரும்.

"வண்டிய இங்க விடல" என்றாள்.

கொழுந்தனாருக்கு முகம் சுண்டிவிட்டது. "அண்ணி, நம்ம மரியாதை என்னாகுறது?"

"வாயைத் தொறக்கச் சொல்லாமலே பல்லுக்கு அளவு சொல்ற டாக்டர்கிட்ட நான் வேலை வாங்கிக்கறதில்ல தம்பி. கோச்சுக்காதீங்க."

"அண்ணன் இருந்திருந்தா..."

"அண்ணன் இருந்திருந்தா நான் ஏன் இங்க வந்து நிக்கறேன்?"

அவர் ஏதோ வேலை இருப்பதாகச் சொல்லி ஆட்டோ பிடித்துப் போய்விட்டார். கோபமாகத்தான் போனார். அவரும் போன பிறகு வெயிலில், முதுகில் காரைச் சுமந்த இழுவை வண்டியும் அதன் டிரைவரும் அவளும் மட்டும் மிச்சம். இப்போது எங்கே போவது என்று கேட்க அவளுக்கு உலகத்தில் ஆளில்லை. வைராக்கியமாகப் பேசிவிட்டோமே என்று பயமாகவும் இருந்தது.

இழுவை வண்டிக்காரர் பீடியை அணைத்தார். "எங்கம்மா விடட்டும்?"

அவள் அவரையே பார்த்தாள். தினம் தினம் படுத்த வண்டிகளை ஊரெங்கும் கொண்டுபோய்ச் சேர்க்கிற ஆள்.

"அண்ணே, உங்க சொந்த வண்டி கெட்டுச்சுன்னா எங்க விடுவீங்க?"

அவர் சர்வீஸ் சென்டரை ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "மரக்கடைக்குப் பின்னால ஒரு ஆளு இருக்கான். கியர்பாக்ஸ் மட்டுந்தான் பாப்பான். சுத்தமான கை. ஆனா வாய் மட்டும் சரியில்ல, சிடுமூஞ்சி."

"வாயை நான் பாத்துக்கறேன். எனக்கு அதான் தொழில். விடுங்க அங்க."

மரக்கடைக்குப் பின்னால் தகரக் கூரை. பலகையில் பெயர்கூட எழுதவில்லை. கழற்றிய பற்சக்கரங்கள் ஒரு மேஜையில் துணி விரித்து, கழற்றிய வரிசை மாறாமல் வைக்கப்பட்டிருந்தன. தன் பட்டறை மேஜை மாதிரியே இருப்பதைப் பார்த்ததும் அவளுக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

கியர்பாக்ஸ்காரர் தலையைத் தூக்காமலே கத்தினார். "யாரு ஓட்டறது இந்த வண்டிய?"

"நான்தான்."

"அப்ப நீங்களே உக்காந்து ஸ்டார்ட் பண்ணுங்க. நான் ஓட்டிப் பாத்தா எனக்கு என் கோளாறுதான் தெரியும்."

அவர் வெளியே நின்று கியர்பாக்ஸ் எண்ணெயை அளக்கும் கம்பியை உருவி வெள்ளைத் துணியில் துடைத்தார். துணி கறுத்தது. முகர்ந்து பார்த்து அவளிடமும் நீட்டினார். கருகிய வாடை. "செவப்பா இருக்கணும் இது. இத்தன நாளா வண்டி கதறியிருக்கும், ஒருத்தர் காதுலயும் விழல. ம், முன்னாடி கியர் போடுங்க."

போட்டாள். என்ஜின் உறுமியது. வண்டி லேசாகத் துடித்து நின்றது.

"ரிவர்ஸ் போடுங்க."

அவள் கை குமிழின் மேலேயே நின்றது.

"என்னம்மா, காது கேக்கலியா?"

"நான் ரிவர்ஸ் போடறதே இல்லீங்க."

"போடறதே இல்லியா? பின்ன காரை என்ன தலையில தூக்கி வெச்சா திருப்புவீங்க?" என்று எரிந்து விழுந்தபடி குனிந்து உள்ளே பார்த்தவர், அப்படியே நின்றுவிட்டார். அவள் விரல்களுக்கு நடுவே ரோஸ் குமிழ் தெரிந்தது.

அவர் கைகளைத் துடைத்துக்கொண்டார். குரல் இறங்கியது.

"சார் வரலீங்களா?"

"எந்த சார்?"

"இந்த வண்டிக்காரர். பொண்டாட்டி செஞ்சு குடுத்ததுன்னு இந்தக் குமிழைக் காட்டிக் காட்டிப் பேசுவாரே."

பல்லம்மா குமிழிலிருந்து கையை எடுத்தாள். "அவர் தவறிட்டார். திடீர்னு. மாரடைப்பு."

கியர்பாக்ஸ்காரர் உள்ளே போய் ஒரு ஸ்டூலை எடுத்து வந்து அவளுக்குப் போட்டார். தண்ணீர் கொடுத்தார். அப்புறம் அலமாரியின் மேல்தட்டிலிருந்து தூசி படிந்த ஓர் அட்டைப் பெட்டியை இறக்கினார். மேலே பேனாவால் "ரோஸ் குமிழ்" என்று எழுதியிருந்தது.

"ரிவர்ஸைப் பிடிச்சுக்கற பட்டை இது. உள்ள ஒடஞ்சுபோய்த்தான் இங்க வந்தார். பழைய ஆட்டோமேட்டிக் மாடல், சாமான் குதிரைக் கொம்பு. மாசக்கணக்கா ஆகும்னேன். அதுவரைக்கும் ரிவர்ஸ் பக்கம் கையே வெக்காதீங்க, முன்னாடி வழி இருக்கிற இடத்துல நிறுத்துங்கன்னு நான்தான் சொல்லி அனுப்பினேன். சாமான் வந்துச்சு. போன் போட்டேன், ஸ்விட்ச் ஆஃப். வேற எங்கயோ குடுத்துட்டார்னு நெனச்சு..." அவர் தரையைப் பார்த்தார். "வாய்க்கு வந்தபடி திட்டிட்டேம்மா அவரை."

கணவரின் போன் அணைந்தபடி பீரோவில் கிடப்பது அவளுக்கு ஞாபகம் வந்தது. ஆனால் மனம் அங்கே நிற்கவில்லை. முன்னாடி வழி இருக்கிற இடம். ஷெட்டுக்குள் விட்டால் வெளியே எடுக்க முடியாது. அதனால்தான் பூந்தொட்டி. அதனால்தான் தெருமுனை.

"வண்டிய நிறுத்திட்டு உள்ளயே உக்காந்திருப்பாராம்" என்றாள். "அது ஏன்?"

"முன்னால எவனாவது ஒட்டி நிறுத்திட்டா காலையில எப்படி எடுப்பார்? முன்னால நிக்கிற வண்டி கிளம்பறவரைக்கும் காத்துக் கெடந்து, கொஞ்சம் முன்னுக்கு நகத்தி வெச்சுட்டுப் போவேன்னார். என்கிட்டயே சொல்லிச் சிரிச்சார்."

லாண்டரிக்காரரின் வேன்! தினமும் சாயங்காலம் கம்பத்துக்கு முன்னால் அதுதான் நிற்கும். அடப்பாவி மனுஷா, இதற்காகவா! எதிர்வீட்டு அக்காவின் வாயில் பிளாஸ்டரை ஊற்ற வேண்டும் போலிருந்தது.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

அவர் தயங்கினார். "சொல்லக் கூடாதுன்னார். ஆனா இனிமே யாருக்காக மறைக்கறது? வண்டி உருண்டுட்டு இருக்கும்போதே யாரோ ரிவர்ஸ்ல தள்ளியிருக்காங்க. அப்படித்தான் இது ஒடையும்."

அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஓட்டப் பழகிய புதிதில் ஒரு நாள், கிளினிக் வாசலைத் தாண்டிப் போய்விட்ட பதற்றத்தில் அவள் ரிவர்ஸை இழுத்தாள். அடியில் மடாரென்று ஒரு சத்தம். அவள் வெலவெலத்துப் போனாள். "ஒண்ணுமில்ல, ஏதோ கல்லு. நீ ஓட்டு" என்றார் அவர், முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லாமல்.

"நான்தான் ஒடச்சேன்."

"அதான் சொல்லக் கூடாதுன்னார். 'அவதான் ஒடச்சான்னு தெரிஞ்சா அப்புறம் ஸ்டீயரிங்கத் தொடமாட்டாய்யா. எனக்கப்புறம் அவ தனியா ஓட்டணும்'னார்."

அவள் நிமிர்ந்தாள். "எனக்கப்புறமா? அப்படியா சொன்னார்?"

"அப்படித்தான் சொன்னார். கூட உயரமா ஒருத்தர் வந்திருந்தார். மகன்னார். அவர் அந்தப் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டார்."

அவள் ஸ்டூலை விட்டு எழுந்தாள். கியர்பாக்ஸ்காரர் தொழிலுக்குத் திரும்பினார். பட்டை உடைந்த துண்டும் கருகிய தூளும் சேர்ந்து முன் கியரையும் அடைத்திருக்கலாம், ஆனால் திறக்காமல் எதையும் சத்தியம் செய்ய மாட்டேன், திறந்ததும் கூப்பிட்டுக் காட்டுவேன், கழற்றியது எல்லாம் உங்கள் கையில் என்றார். அவள் கேட்காமலே சொன்னார்.

"தெறங்க" என்றாள் பல்லம்மா. "இன்னைக்கே தெறங்க."

அவர் முதலில் குமிழைத் திருகிக் கழற்றி, துடைத்து அவள் கையில் கொடுத்தார். "இது இங்க கெடந்தா தொலஞ்சிடும். பத்திரமா வெச்சிருங்க."

சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கி அவள் தெருமுனைக்கு வந்தபோது விளக்குக் கம்பத்தடி காலியாக இருந்தது. அதற்கு முன்னால் லாண்டரி வேன் நின்றது. அவள் அந்தக் காலி இடத்தில் போய் நின்றாள். இங்கேதான் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வர மனசில்லாமல் இல்லை. வேன் நகரட்டும், நகரட்டும் என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவளும் வந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பாள். இரண்டு பேருமாகக் காத்திருந்திருக்கலாம். அதை நினைத்தபோதுதான் தாங்க முடியவில்லை.

போன் அடித்தது. மகன்.

"அம்மா, ஆள் காலையில வந்துடுவார். சாவிய எடுத்து வை."

"சாவி இருக்கு. வண்டிதான் பிரிச்சுக் கெடக்கு. வேணும்னா ரெண்டு பக்கெட் கொண்டுவரச் சொல்லு, அள்ளிட்டுப் போகட்டும்."

"என்னம்மா நீ! எங்க குடுத்த?"

"மரக்கடைக்குப் பின்னால. சிடுமூஞ்சி ஒருத்தர். உனக்குத்தான் தெரியுமே."

அவன் வாய் திறக்குமுன் அவளே தொடர்ந்தாள்.

"திடீர்னு போனார், திடீர்னு போனார்னு ஊரே சொல்லிச்சு. நீயும் சொன்ன. ஏண்டா, திடீர்னு போறவர் 'எனக்கப்புறம்'னு எதுக்குடா சொல்லணும்? அன்னைக்கு அங்க வர்றதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் எந்த ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்தீங்க?"

மகன் மூச்சு விடுவது மட்டும் கேட்டது. சின்ன வயதில் பொய் மாட்டிக்கொண்டால் இப்படித்தான் மூச்சு விடுவான்.

"போன்ல வேணாம்மா" என்றான் கடைசியில். குரல் உடைந்திருந்தது. "நாளைக்கு வர்றேன். வேற யாரும் வரல. நான் மட்டும் வர்றேன்."

அவள் வீட்டுக்கு நடந்தாள். கதவைத் திறக்கவில்லை. நேராக ஷெட்டுக்குப் போய், குமிழை இடுப்பில் செருகிக்கொண்டு, பூந்தொட்டிகளை ஒவ்வொன்றாகச் சுவரோரம் இழுத்து வைக்க ஆரம்பித்தாள். கனமான தொட்டிகள். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. "என்னம்மா, இந்நேரத்துல?" என்று அக்கா கேட்டாள்.

"வண்டி உள்ள வரணும்" என்றாள் பல்லம்மா. "ரிவர்ஸ்ல வெளிய எடுக்கணும்."

ஜன்னல் மூடிக்கொண்டது. ஒரு கார் அளவுக்கு இடம் விட்டதும் அவள் அந்த இடத்தின் நடுவில், வெறும் சிமெண்ட் தரையில் உட்கார்ந்தாள். குமிழை எடுத்து அவர் விரல் பள்ளங்களில் தன் விரல்களை வைத்தாள். அவர் போன நாளில்கூட வராத அழுகை அப்போது வந்தது. அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மகனுக்கும் சேர்த்துச் சமைக்க என்ன இருக்கிறது என்று பார்க்க உள்ளே போனாள்.